அரியாங்குப்பத்திலிருந்து வந்த பாவாடை

நெத்திலிக் கருவாட்டுக்குத் தலையை இப்படி நகத்தால் கிள்ளினால் போதும் அக்கா, குடலும் கூடவே வந்துவிடும். வாலை நான் எடுப்பதில்லை, அவருக்கு வாலோடு மொறுமொறுவென்று இருக்க வேண்டும். நீங்கள் அந்த நாற்காலியில் உட்காருங்கள், இது ஆடும். ஜன்னலைத் திறக்காமல் வைத்திருக்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். குளிர் ஒன்று. இன்னொன்று மேல்வீட்டு அம்மா. போன தடவை கருவாடு வறுத்தபோது இறங்கி வந்து கதவைத் தட்டி என்னவோ சொன்னாள். ஒன்றும் புரியவில்லை. கடைசியில் மூக்கைப் பிடித்துக் காட்டினாள், அது புரிந்தது. அதிலிருந்து கருவாடு என்றால் ஜன்னலைச் சாத்தி, கதவு இடுக்கில் ஈரத்துணி திணித்துவிடுவேன்.

புதுச்சேரியிலிருந்து பாரிசுக்கு இத்தனை பாரத்தையும் சுமந்து வந்து, அதற்கு மேல் ரெண்டு ரயில் மாறி எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்திருக்கிறீர்கள். யார் செய்வார்கள். காபி குடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது. அவர் உள்ளே போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கிற மனுஷன் எதற்குச் சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறார் என்று வந்ததும் பார்த்தீர்கள் இல்லையா, நானும் கவனித்தேன். பாப்பா தூங்குகிறாள். அவள் எழுந்திருப்பதற்குள் சொல்லிவிடலாமா என்றுதான் யோசிக்கிறேன். எனக்குச் சட்டென்று யாரிடமும் பேச வராது. கையில் ஏதாவது வேலை இருந்தால் கொஞ்சம் வரும்.

எங்கள் அண்ணி உங்களிடம் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? கருவாடு, வடகம், கொஞ்சம் முந்திரி. அவ்வளவுதானே. கருவாட்டுக்கு அடியில் இன்னொரு பையில் பட்டுப்பாவாடை இருந்தது உங்களுக்கே தெரியாது. பிரித்ததும் நீங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டீர்கள். ரெண்டு வயதுக் குழந்தைக்கு இத்தனை ஜரிகையா, அத்தைக்கு எவ்வளவு ஆசை பாருங்கள் என்றீர்கள். அது மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த பாவாடை அக்கா. எங்கள் லீனாவுக்குப் பரிசம் போடுகிறார்கள்.

சிரிக்காதீர்கள். மாப்பிள்ளைக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டுக்காரருடைய அக்கா, அம்சவேணி அண்ணி, உங்களிடம் பார்சலைக் கொடுத்தார்களே, அவர்கள் மகன்தான். தர்ஷன். முன்பல் ரெண்டும் இப்போதுதான் பெரிதாக முளைத்திருக்கிறது.

இன்னும் கொஞ்ச நேரத்தில் போன் வரும். அங்கே சாயங்காலம். அரியாங்குப்பத்து வீட்டில் பெரியவர்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். நான் லீனாவுக்கு அந்தப் பாவாடையைக் கட்டித் தூக்கிக்கொண்டு போய் போனுக்கு முன்னால் நிற்க வேண்டும். அவர்கள் அந்தப் பக்கத்தில் தட்டில் பூ பழம் வைத்து நீட்டுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த துணியைப் பெண் உடுத்திக்கொண்டு சபைக்கு வந்துவிட்டால் பேச்சு முடிந்தது. உங்களுக்குத் தெரியாததா. நேரில் வந்தால் என்ன, போனில் வந்தால் என்ன.

பெண்ணைப் பெற்றவள் சரி என்கிறாளா என்று கேட்பீர்கள். அதுதான் அக்கா. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் வாயைத் திறந்திருப்பேனா என்பது வேறு விஷயம்.

முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். நான் பாகூர்ப் பக்கம். எங்கள் அப்பா மண்டியில் மூட்டை தூக்கினார். எட்டாவதோடு என் படிப்பு நின்றது. வீட்டில் ஒன்றும் கிடையாது, ஒன்றைத் தவிர. எங்கள் தாத்தாவுடைய அப்பா பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குப் போனவர். சொல்தா என்று எங்கள் ஊரில் சொல்வார்கள், நீங்களும் புதுச்சேரிதானே. அவருக்குக் கிடைத்த பிரெஞ்சு நேஷனாலிட்டி தாத்தாவுக்கு வந்து, அப்பாவுக்கு வந்து, எனக்கும் வந்தது. அப்பா ஒரு நாளும் பிரான்சைப் பார்த்ததில்லை. மூட்டை தூக்குகிற பிரெஞ்சுக்காரன் என்று மண்டியில் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அந்தக் கொள்ளுத்தாத்தா பெயர் என்ன தெரியுமா? மண்ணாங்கட்டி. முன்னால் பிறந்ததெல்லாம் தங்கவில்லை, இதுவாவது தங்கட்டும் என்று அப்படிப் பெயர் வைத்தார்களாம். பட்டாளத்தில் அதையே குடும்பப் பெயராக எழுதிக்கொண்டு விட்டார்கள். மண்ணாங்கட்டி வீட்டுப் பெண் என்றால் எங்கள் ஊரில் பசங்கள் சிரிப்பார்கள். இங்கே நான் வேலை செய்கிற ஓட்டலில் மதாம் மண்ணாங்கட்டி என்று எவ்வளவு மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். முதல் தடவை கேட்டபோது அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் துணி வைக்கிற அறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

பதினெட்டு ஆனதும் எங்கள் வாசலில் செருப்பு விட இடமில்லை. நிஜமாகத்தான் அக்கா. எஞ்சினியர் வந்தார், கடலூரில் துணிக்கடை வைத்திருக்கிறவர் வந்தார். நான் என்ன ரதியா? கறுப்பு, குள்ளம், வாயே பேசாதவள். உனக்கு முகராசிடி என்று அம்மா சொல்வாள். இருக்கும்.

கடைசியில் இவர் வந்தார். பி.காம். படித்தவர், பண்ருட்டிப் பக்கம். பெண்பார்க்க வந்தபோது மற்றவர்கள் மாதிரி பாடச் சொல்லவில்லை, நடக்கச் சொல்லவில்லை, சமைக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான். பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி எல்லாம் சரியாக இருக்கிறதா என்றார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான். அவ்வளவு கண்ணியமானவர். நகை வேண்டாம், சீர் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். அப்பா அன்றைக்கு முழுவதும் அந்த மனிதர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

கல்யாணமான கையோடு நான்தான் முன்னால் வந்தேன். எனக்கு விசா வேண்டாமே, நான்தானே பிரான்சுக்காரி. நான் வந்து வேலையும் வீடும் காட்டினால் அவருக்குச் சுலபம் என்றார்கள். அதற்கு முன் நான் தனியாகக் கடலூருக்குக்கூடப் போனதில்லை. சென்னையில் விமானத்துக்கு உள்ளே விடுகிற இடத்தில் எல்லோரும் அழுதார்கள். அவர் மட்டும் அழவில்லை, என் கைப்பையைத் திறந்து பார்த்துவிட்டு, பிரெஞ்சு கார்டைத் தொலைச்சிடாத சுகந்தி என்றார். இங்கே வந்து இறங்குகிறவரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். என் மேல் எவ்வளவு அக்கறை என்று.

ஓட்டலில் அறை சுத்தம் செய்கிற வேலை. இப்போதும் அதுதான். ஆள் போன பிறகு அந்த அறைக்குள் போகிற வேலை அக்கா. சில நேரம் கட்டிலில் படுத்திருந்த சூடு ஆறியிருக்காது. ஆனால் ஆள் இருக்க மாட்டார்கள். ஆப்பிரிக்காக்காரி ஒருத்தி கூட வேலை செய்கிறாள், பாத்தூ என்று பெயர். நல்லவள். அவளுக்கும் எனக்கும் கையால்தான் பேச்சு. ஒரு நாள் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, நீ பிரெஞ்சுக்காரியா என்று கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் இங்கே வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது, சரளமாகப் பிரெஞ்சு பேசுகிறாள், இன்னும் கார்டுக்கு வரிசையில் நிற்கிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவர் வந்த பிறகு நன்றாகப் பிரெஞ்சு கற்றுக்கொண்டார். வந்து ஒரு வருஷத்துக்குள் அவ்வளவு வேகமாகப் பேசுவார். எங்கள் வீட்டில் பிரான்சுக்காரி நான், பிரெஞ்சு அவருக்கு. இப்போது ஒரு ஆபீசில் வேலை. வேலை முடிந்து நண்பர்கள், அது இது என்று வீட்டுக்கு வர நேரமாகும். வந்தால் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். பேசுகிறவர்தான், பேசாதவர் இல்லை. நாள் முழுக்க வெளியில் பேசிவிட்டு வருகிறவருக்கு வீட்டில் என்ன பேச்சு வரும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பிரெபெக்த்தூர் இருக்கிறதே, வெளிநாட்டுக்காரர்களுக்கு இங்கே தங்கக் கார்டு கொடுக்கிற ஆபீஸ், அங்கே போகிற நாளில் அவர் தனி ஆள். கார்டு புதுப்பிக்க என்னையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும், நாங்கள் சேர்ந்து வாழ்கிறோம் என்று நான் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கு என்ன புடவை கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவரே எடுத்து வைப்பார். பூ கிடைக்காது, இருந்தாலும் லாச்சப்பல் தமிழ்க் கடையில் வாங்கி வருவார். ரயிலில் பக்கத்தில் உட்காருவார். ஆபீசுக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டே இருப்பார், வியர்த்துப் போகும், விட மாட்டார். வேலை முடிந்து ஆற்றங்கரையில் நடந்து ஐஸ்க்ரீம் வாங்கித் தருவார். முதல் வருஷம் அப்படித்தான். அதற்குப் பிறகு கொடுத்த கார்டு கொஞ்ச நாள் ஓடியது, அது முடிந்ததும் மறுபடி போனோம். போன சித்திரையில் பத்து வருஷக் கார்டே கொடுத்துவிட்டார்கள். இனி என்னைக் கூப்பிட வேண்டிய அவசியமில்லை. நல்லதுதானே.

அன்றைக்கு வெளியே வந்ததும் ஆற்றுப் பக்கம் போவோம் என்று நான் திரும்பினேன். அவருக்கு வேலை இருந்தது, பாவம். என்னை ரயிலில் ஏற்றிவிட்டுப் போய்விட்டார்.

கொஞ்சம் நகருங்கள் அக்கா, முள் கீழே விழுந்திருக்கிறது, காலில் குத்தும்.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன். பேச்சுத் துணை. எனக்கு இங்கே பேச ஆளென்றால் அம்சவேணி அண்ணி ஒருவர்தான். எங்கள் அம்மாவுக்குப் போன் எடுக்கத் தெரியும், பேசத் தெரியாது. நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், வெச்சிடவா, அவ்வளவுதான். அப்பாவும் போய்விட்டார். அண்ணி அப்படியில்லை. தினமும் கூப்பிடுவார்கள். நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன் வந்துவிடும். சாப்பிட்டியா சுகந்தி, என்ன குழம்பு, ஏன் முகம் வாடியிருக்கு. இங்கே என் முகத்தைப் பார்த்து வாடியிருக்கிறதா என்று கேட்கிற ஒரே ஆள். லீனா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் போனில் கூடவே இருந்தார்கள். நர்சு திட்டியும் போனை வைக்கவில்லை. குழந்தையைக் காட்டியதும் முதல் வார்த்தை, எங்க வீட்டுக்குப் பிரெஞ்சுக்காரி வந்துட்டா என்றார்கள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா.

போன ஆடியில் லீனாவுக்குக் காதுகுத்த ஊருக்குப் போனோம். இங்கே லீவு கிடைப்பது அந்த மாதம்தான். பண்ருட்டிப் பக்கத்தில் அவர்களுடைய குலதெய்வம் கோயில். எனக்குக் கூடப்பிறந்தவன் இல்லை, சித்தி மகன் மடியில் உட்கார வைத்துக் குத்தினார்கள். குழந்தை கத்திக்கொண்டு இருக்கிறாள். அண்ணி ஒரு தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினார்கள். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, பூச்சரம். அத்தை கொண்டுவந்த சீர் என்று நினைத்துக் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். ஆடி மாதம் அக்கா. ஆடியில் யாராவது கல்யாணப் பேச்சு பேசுவார்களா? எனக்கு எப்படிச் சந்தேகம் வரும். வாங்கியதும் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். காது குத்தினதற்கு எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம் தர்ஷனைக் கொண்டுவந்து லீனா பக்கத்தில் உட்கார வைத்து ரெண்டு பேர் கழுத்திலும் மாலை போட்டார்கள். போட்டோவுக்கு என்றார்கள். அவன் மாலையை ஒதுக்கிவிட்டுப் போனில் விளையாடிக்கொண்டிருந்தான்.

லீனா என்ன செய்தாள் தெரியுமா? அழுகையை நிறுத்திவிட்டு மாலையைப் பார்த்தாள். ரெண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். நோன் என்றாள்.

இங்கே கிரெஷில், குழந்தைக் காப்பகத்தில், விடுகிறேன் அல்லவா, அங்கே முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான். யாராவது பொம்மையைப் பிடுங்கினால், பிடிக்காமல் முத்தம் கொடுக்க வந்தால், கையை நீட்டி நோன், வேண்டாம், என்று சொல்ல வேண்டும். சொல்லத் தெரிந்துவிட்டது என்று அந்த அம்மா என்னிடம் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். எனக்குத் தெரிந்த கொஞ்சம் பிரெஞ்சில் அதுவும் ஒன்று. கோயிலில் இத்தனை ஜனம் இருக்கிறது, குழந்தை மாலையைப் பிடித்துக்கொண்டு நோன், நோன் என்று கத்துகிறாள், அவர்கள் என்ன செய்தார்கள் என்கிறீர்கள். சிரித்துச் சிரித்துக் கைதட்டினார்கள். பிரெஞ்சுல பேசுது பாரு, இன்னொரு தடவ சொல்லு கண்ணு என்றார்கள். அண்ணி எல்லோரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவரும் சிரித்தார். அவருக்கு அர்த்தம் தெரியும்.

நானும் சிரித்தேன் அக்கா. எல்லோரும் சிரிக்கும்போது சும்மா நின்றால் நன்றாக இருக்காது.

மறுநாள் அம்மா என்னிடம் சொன்ன பிறகுதான் அந்தத் தட்டு என்ன தட்டு என்று தெரிந்தது. நல்ல இடம்டி, தெரியாத வீட்டுல போய் விழறதுக்கு உன் நாத்தனார் வீட்டுக்கே போகட்டும் என்றாள். பொய் சொல்ல மாட்டேன், முதலில் எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. ஏன் என்று கேட்பீர்கள். தர்ஷன் பெரியவனாகி இங்கே வருவான், அண்ணியும் வருவார்கள், என் வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கும், இந்த ரெண்டு நாற்காலிக்கு நாலு நாற்காலி வாங்குவோம் என்று நினைத்தேன். இப்படித்தான் யோசித்தேன், பாருங்கள்.

திரும்பி வந்த பிறகு அண்ணியின் பேச்சு மாறிவிட்டது. போன் வரும். சாப்பிட்டியா என்பது போய், எங்க மருமகளக் காட்டு என்று ஆரம்பமாகும். பிரெஞ்சு நல்லா கத்துக் குடுக்கறாங்களா, வெயில்ல விடாத, கறுத்துடப் போறா. பாஸ்போர்ட் புதுப்பிக்கணும்னா மறந்துடாதீங்க. லீனாவுடைய பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கிச் சாமி அறையில் மாட்டியிருக்கிறார்கள் அக்கா. அந்தப் படத்தில் குழந்தை அழுதுகொண்டு இருக்கிறாள். அதுதான் அழகு என்கிறார்கள்.

தர்ஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு எழுத மாட்டேன் என்கிறானாம். நான் பாரிசுக்குப் போகப்போறவன், எனக்கெதுக்கு என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறான். அண்ணி இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நாளைக்கு இவள் பெரியவளாகி மாட்டேன் என்றால் அந்தப் பையன் எங்கே போவான்? ஒன்றுக்கும் தயாராகாமல் இவளையே பார்த்துக்கொண்டு வளர்ந்து நிற்பானே. இல்லை, மாட்டேன் என்று இவளால் சொல்ல முடியாமல் போனால்? இந்தக் குழந்தையிடம் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள், சொல்லுங்கள். அவள் ராத்திரியில் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு தூங்குவதையா கேட்கிறார்கள்? அவள் கார்டைக் கேட்கிறார்கள் அக்கா. கார்டைக் கட்டிக்கொள்ளட்டும், எதற்குக் குழந்தை? ஒரு மனுஷியைக் கார்டுக்காகவா கட்டுவார்கள், இது எங்கேயாவது நடக்குமா?

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்?

என்னையா? அது வேறு அக்கா. எங்கள் கதை வேறு. அவருக்கு அமைதியான பெண் வேண்டும் என்று இருந்தார், நான் அமைதி. சரியாகிவிட்டது.

மார்கழியில் ஒரு நாள் அண்ணி சொன்னார்கள், ஆடியில தட்டு மாத்தினது மனசுக்கு நிறையல, தை பொறந்ததும் முறையா பரிசம் போட்டுடலாம், பட்டு எடுத்தாச்சு, ஆள் கிட்ட குடுத்து அனுப்பறேன். அந்த ஆள்தான் நீங்கள். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, வாயிலிருந்து வார்த்தை வந்துவிட்டது. அவ பெரியவளானதும் அவளையே கேட்டுக்கலாமே அண்ணி என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவர்களுக்குக் கேட்டிருக்காது என்றுகூட நினைத்தேன்.

கேட்டுவிட்டது. முகம் மாறிவிட்டது. போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சொன்னார்கள்.

"அவள என்னத்தடி கேக்கறது? உன்னக் கேட்டா எங்க தம்பி கட்டினான்? மண்ணாங்கட்டி பேத்தின்னு கட்டினான். உன் மூஞ்சிக்கும் உன் படிப்புக்கும் உங்கப்பன் மண்டியிலயே ஒரு மூட்டை தூக்கறவன் கெடச்சிருப்பான். வந்த வழிய மறந்துட்டுப் பேசற."

கோபத்தில் சொன்னது. கோபத்தில் மனுஷர்கள் எதுவும் சொல்வார்கள், நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. மனசில் வைத்துக்கொண்டால் இப்படி உங்களிடம் சொல்லிக்கொண்டிருப்பேனா. அதற்குப் பிறகு ஒரு வாரம் அண்ணி போன் செய்யவில்லை. வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பேன். போன் அடிக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு நாமே பண்ணிவிடலாமா என்று தோன்றும். வீடு அவ்வளவு சத்தமில்லாமல் இருக்கும் அக்கா, குளிர்பதனப் பெட்டி நின்று நின்று ஓடுவது கேட்கும். ஒரு நாள் லீனாவிடம் போய், சாப்பிட்டியா சுகந்தின்னு கேளுடி என்றேன். அவள் சுகந்தி என்று மட்டும் சொன்னாள். அதற்கே எனக்கு அழுகை வந்துவிட்டது. எட்டாவது நாள் அண்ணி ஒன்றுமே நடக்காத மாதிரி கூப்பிட்டார்கள், என்ன குழம்பு என்றார்கள். நானும் ஒன்றுமே நடக்காத மாதிரி சொன்னேன்.

அவரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. அவர் குழந்தையாக இருக்கும்போதே அம்மா தவறிவிட்டார்கள், அண்ணிதான் இடுப்பில் தூக்கி வளர்த்தது. தன் படிப்பை நிறுத்திக்கொண்டு தறிப்பட்டறை வேலைக்குப் போய் இவரைப் படிக்க வைத்தது. அது எனக்குத் தெரியும், அதனால்தான் எனக்கும் அண்ணி மேல் கோபம் வருவதில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு, அக்கா என்கிட்ட இதுவரைக்கும் ஒண்ணுமே கேட்டதில்ல, இது ஒண்ணுதான் கேட்டிருக்கு, நான் எப்படி இல்லேங்கறது என்றார். பெரியவளானதும் லீனா வேணாம்னா அப்போ பார்த்துக்கலாம் என்றார். அப்போது யார் பார்ப்பார்கள்? நான்தானே என் வாயில்லாத வாயை வைத்துக்கொண்டு நிற்பேன்.

நேற்று இன்னொன்றும் கேட்டேன். அண்ணி சொன்னதற்காகக் கேட்கவில்லை, சும்மா ஞாபகம் வந்தது. போன சித்திரையில் அந்தக் கார்டு ஆபீசில் இருந்த அம்மா, இவள் எப்படி உனக்குப் பழக்கம், இவளிடம் உனக்கு என்ன பிடித்தது என்று அவரிடம் கேட்டாளாம். அன்றைக்கு அவர் என்னவோ சொன்னார், அவள் தலையாட்டி எழுதிக்கொண்டாள். எனக்குப் புரியவில்லை. அதைத்தான் நேற்றுக் கேட்டேன், அவங்ககிட்ட என்னைப் பத்தி என்ன சொன்னீங்க என்று. அவர் யோசித்துப் பார்த்தார். ஞாபகமில்லை சுகந்தி என்றார்.

ஞாபகமில்லாமல் இருக்கும். அவருக்கு ஆபீசில் வேலை அதிகம்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள், கார்டு வந்துவிட்டது, அவரைப் பகைத்துக்கொண்டு நின்றால் நாளைக்கு உன் கதி என்ன என்றா? சே. அப்படியெல்லாம் இல்லை அக்கா. அவர் எங்கே போவார். ராத்திரி எவ்வளவு நேரமானாலும் வந்துவிடுவாரே.

இதோ, எழுந்துவிட்டாள். வா கண்ணு, வா. அம்மா கை கருவாட்டுக் கை, தொடாதே. இந்த அத்தையிடம் போ. பார்த்தீர்களா, உங்களிடம் ஒட்டிக்கொண்டாள். புது ஆள் என்றால் சட்டென்று போக மாட்டாள். நான் கை கழுவிவிட்டு வருகிறேன், இருங்கள்.

இல்லை, பாவாடையைப் பையிலேயே வையுங்கள். எடுக்க வேண்டாம். அப்புறம் அவள் பளபளப்பைப் பார்த்து ஆசைப்படுவாள்.

காலையிலிருந்து ஒன்றையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பரிசம் வேண்டாம் என்று அவரிடம் தனியாகச் சொன்னால் அவர் அண்ணியிடம் சொல்ல மாட்டார். அண்ணியிடம் தனியாகச் சொன்னால் அண்ணி யாரிடமும் சொல்ல மாட்டார்கள். அங்கே பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது சொன்னால்தான் அது சொன்னதாகும். நாலு பேர் முன்னால் நான் பேசியதே கிடையாது. எங்கள் கல்யாணத்தில்கூட யாரோ என்னவோ கேட்டதற்கு அம்மாதான் பதில் சொன்னாள். அவமானம் என்று நினைப்பார்கள். இத்தனை பேரைக் கூட்டி வைத்து மூக்கை அறுத்துவிட்டாள் என்பார்கள். நாளையிலிருந்து வேலை விட்டு வந்தால் எனக்கு ஒரு போனும் வராது, அதுவும் தெரியும். அதை நினைக்கும்போதுதான்

ஆங்? வரேங்க.

போன் வந்துவிட்டது. பாப்பாவுக்குப் பாவாடை கட்டிட்டியா, தூக்கிட்டு வா என்கிறார். கேட்கிறதா, அந்தப் பக்கம் எத்தனை குரல், வீடு நிறைய ஆள் போலிருக்கிறது. அக்கா, ஒரு உதவி செய்யுங்கள். இவளை உங்கள் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கவுனே போதும். நான் உள்ளே போனதும் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், அழுதாலும் அனுப்பாதீர்கள், அவரே வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள். வந்துட்டேங்க, வந்துட்டேன். நான் மட்டும்தான் போகிறேன். எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, முதலில் அண்ணியைப் பார்த்து, அண்ணி என் பொண்ண நான்